யாருக்கு அனுப்பக் கூடாது

பாக்குமட்டைத் தட்டு விறகைப் போல எரிவதில்லை. சாம்பார்ப் பிசுக்கும் பாயசமும் ஏறிய மட்டை முதலில் தீயை வாங்கிக்கொள்ளாமல் முனகும். பிறகுதான் அந்த நெடி எழும். கசப்பும் கொஞ்சம் இனிப்புமாக, வெற்றிலை போட்ட வாய் முகத்துக்கு மிக அருகில் வந்து பேசுவதுபோல. போன வாரம் மாகடி ரோட்டில் ஒரு சௌல்ட்ரியின் பின்பக்கம், கல்யாணச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். நான் தாம்பூலப் பையோடு ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். ஆட்டோ வந்தது, வேண்டாம் என்றேன். இன்னொன்று வந்தது, அதையும் அனுப்பிவிட்டேன். புகை கண்ணுக்குள் போனதால் கண்ணீர் வந்தது என்று பக்கத்தில் நின்ற பெண் நினைத்துக்கொண்டு, "இந்தப் பக்கமா வாங்க மேடம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு வருடம் அந்த வாசனைக்குள்தான் குடியிருந்தேன். ஸ்ரீராம்புரத்தில், ஒரு ஸ்கூட்டர் போனால் நடப்பவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில், மாடி வீடு எனக்கு. கீழே வீட்டுக்காரர்கள், அவளும் அவள் அம்மாவும். அம்மா மாநகராட்சியில் தெருக்கூட்டி ஓய்வு பெற்றவர். அவள் ஆனேக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனால் முதல் மாதத்திலேயே அக்கா என்று கூப்பிட்டதற்கு, "அக்கான்னு கூப்ட்டு என்ன கெழவி ஆக்காதடி" என்று நிறுத்திவிட்டாள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய், மேல் வீடு" என்பாள். அந்தக் குரல் படிக்கட்டில் ஏறி வரும்போது அதற்குப் பின்னாலேயே கருகிய மட்டையின் வாசனையும் ஏறி வரும்.

பழைய பால்பவுடர் டின்னில் பாக்குமட்டைத் துண்டுகளை அடைத்து, மூடியைக் கம்பியால் இறுக்கி, பின்கட்டு அடுப்பில் வைத்துக் கரியாக்குவாள். அந்தக் கரியைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் தண்ணீரில் இருக்கும் குரோமியத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆனேக்கல் சுற்றுவட்டாரத்தில் இரும்புக்கு முலாம் பூசும் பட்டறைகள் விட்ட கழிவு மண்ணுக்குள் இறங்கி, போர்வெல் தண்ணீர் சில இடங்களில் வெளிறிய மஞ்சளாக வரும். அவள் பதினோரு போர்வெல்களிலிருந்து பாட்டில் பாட்டிலாக அதைப் பிடித்து வருவாள். கரி செய்வது புதிதல்ல, எத்தனையோ பேர் எதையெதையோ எரித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கரியின் துளைகளைத் திறக்க அமிலத்தில் கழுவ வேண்டும். அவள் கல்லூரி ஆய்வகத்தில் அமிலப் பாட்டில், மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்கென்று பூட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் எரிச்சலில், அம்மா மூன்று நாளாகக் கொட்டாமல் வைத்திருந்த ராகிக் கூழ் புளித்த தண்ணீரில் கரியை ஊறவைத்தாள். அது அமிலத்தைவிட நன்றாக வேலை செய்தது.

"ஆசிட் இருந்திருந்தா எனக்கு இது தோணியே இருக்காதுடி" என்றாள் அன்று, கை முழுக்கக் கரியோடு. "இல்லாத கொடுமைல வந்த புத்தி. எந்தப் பெரிய லேப்லயும் இது வராது. அவங்க வீட்ல எவன் கூழ் குடிக்கிறான்?"

அவளுடைய முனைவர் பட்டப் பதிவு மார்ச் மாதத்தோடு காலாவதி ஆக இருந்தது. அதற்குள் ஒரு கட்டுரை, பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளும் ஆய்விதழ் ஒன்றில் ஏற்கப்பட வேண்டும். ஏற்கப்படாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாதவர்களை அடுத்த கல்வியாண்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரி சுற்றறிக்கை விட்டிருந்தது. நாற்பத்தைந்து வயதில் அவள் அத்தனையையும் ஒரே ஒரு கட்டுரையின் மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

என் வேலை என்ன என்று அந்தத் தெருவில் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. "கம்பெனி" என்று சொல்லிவிடுவேன். ஆய்விதழ்கள் வெளிநாட்டில் இருக்கும், அவற்றின் அடுக்களை ஓசூர் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. ஒரு கட்டுரை வந்தால், அந்தத் துறை தெரிந்த இரண்டு பேரிடம் அனுப்பி, போடலாமா வேண்டாமா என்று கேட்க வேண்டும். எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியக் கூடாது. படித்தவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது. நடுவில் நான். என் வேலை பெயர்களைத் துடைப்பது. முதல் பக்கத்தில் இருக்கும் பெயர், அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் பெயர், நன்றியுரையில் கணவனுக்கும் குழந்தைக்கும் நடுவே எட்டிப் பார்க்கும் பெயர், கோப்பின் வயிற்றுக்குள் கணினி தானாகப் பதிந்து வைத்திருக்கும் பெயர். பன்னிரண்டு வருடம் துடைத்தேன். நன்றாகத் துடைப்பேன். என் கையால் போன கோப்பைச் சுரண்டி யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

கடினம் துடைப்பதில் இல்லை. படிக்க ஆள் கிடைப்பதில்தான் இருந்தது. அது சம்பளமில்லாத வேலை. பெரியவர்கள் பதிலே போட மாட்டார்கள். சிலர் ஒத்துக்கொண்டு மறந்துபோவார்கள். எங்கள் திரையில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு கோடு. வந்த புதிதில் பச்சை, நாள் ஆக ஆக மஞ்சள், அப்புறம் சிவப்பு. திங்கட்கிழமை காலை எங்கள் டீம் லீடர், கோயம்புத்தூர்ப் பையன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், மிக மரியாதையானவன், என் நாற்காலி அருகில் குனிந்து சொல்வான்: "மேடம், உங்க பக்கம் சிவப்பு ஜாஸ்தி தெரியுதே. ஏதாச்சும் ஹெல்ப் வேணுங்களா?" உதவி என்ற சொல்லை அவன் கத்திபோல வைத்திருந்தான்.

அதனால் எல்லோரும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். ஆட்களின் பட்டியலைத் துறைத் தகுதியை வைத்து வரிசைப்படுத்தாமல், யார் சீக்கிரம் பதில் போடுவார் என்பதை வைத்து வரிசைப்படுத்துவோம். மேலே இருக்கும் பெயரைத் தொட்டு அனுப்பிவிடுவோம். கட்டுரை அனுப்புகிறவர் நிரப்பித் தர வேண்டிய படிவத்தில், கடைசியில், ஒரு கட்டம் உண்டு: யாருக்கு அனுப்பக் கூடாது. பகையாளி, பழைய முதலாளி, போட்டிக்காரர், யாராவது இருந்தால் அங்கே எழுதிக் காரணமும் சொல்லலாம். எங்கள் திரையில் அந்தக் கட்டம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு சின்ன அம்புக்குறியைத் தொட்டால்தான் விரியும். பயிற்சியின்போது விரித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த மாடியில் யாரும் விரித்து நான் பார்த்ததில்லை. நானும் விரிக்கவில்லை.

ஒரு நாள் காலை மெஜஸ்டிக் போகும் பஸ்ஸில் அவள் சொன்னாள், கட்டுரையை அனுப்பிவிட்டதாக. இதழின் பெயரையும் சொன்னாள்.

"உங்க ஆபீஸ் பாக்குற புஸ்தகம்தானே அது?"

"எங்க ஆபீஸ்ல எத்தனையோ பாக்குறாங்க. யார் கைக்குப் போகுமோ."

"மூஞ்சப் பாரு. உன் கைக்கே வந்தாலும் வரலன்னுதான் சொல்லுவ. சரி, சொல்லாத. சொன்னா நான் ராத்திரியெல்லாம் உன் கதவத் தட்டுவேன்."

என் கைக்குத்தான் வந்திருந்தது. முந்தின நாளே.

தெரிந்தவர் கட்டுரை வந்தால் சொல்லிவிட்டு வேறு ஆளிடம் தள்ளிவிட வேண்டும். அது விதி. வருடா வருடம் அந்த விதியைப் படித்துவிட்டோம் என்று பொத்தானை அழுத்துவோம். நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சிவப்பாக விடாமல், நல்ல ஆட்களாகப் பார்த்து, மார்ச்சுக்கு முன்னால் முடித்து, அவள் இனிப்பு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வரும்போது ஒன்றும் தெரியாதவள்போல வாயைத் திறக்க வேண்டும் என்று. அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்டிய அறையின் சாவி கையில் இருக்கும் சுகம், அவ்வளவுதான் அது.

ஐந்து பேருக்கு அனுப்பினேன். ஒருவர் ஒத்துக்கொண்டார். மூன்று பேர் முடியாது என்றார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. கோடு மஞ்சளாயிற்று. இரண்டாவது ஆளுக்காகப் பட்டியலை வேகத்தால் வரிசைப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெயர் நின்றது. எங்கள் நகரத்திலேயே பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றின் பேராசிரியர். ஒரு முறைகூடத் தாமதித்ததில்லை, எல்லாக் கடிதத்திலும் நன்றியும் வாழ்த்தும் இருக்கும். உள்ளூர்க்காரர், ஆனேக்கல் தண்ணீரின் கதை தெரிந்திருக்கும், இந்தக் கட்டுரையின் அருமை புரியும் என்று மனசுக்குள் பூரித்தபடி அவள் பெயரைத் துடைத்தேன். முகவரியைத் துடைத்தேன். நன்றியுரையில் அம்மா இருந்தார், அவரையும் துடைத்தேன். ஆனேக்கல்லைத் துடைக்க முடியாது. பதினோரு போர்வெல்களையும் புளித்த ராகித் தண்ணீரையும் துடைக்க முடியாது, அவைதான் கட்டுரையே. அனுப்பினேன்.

அவளுக்கு ஒரு பழைய கதை இருந்தது, எனக்குத் தெரிந்த கதைதான். முதலில் அவள் வேறொருவரிடம் ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தாள். இரண்டு வருடம் அவள் எடுத்த அளவீடுகளை அவர் தன் இன்னொரு மாணவனுக்குக் கொடுத்து, அவன் பெயரில் வெளியிடவைத்தார். கேட்டதற்கு, "நீ வந்த இடத்துக்கு இங்க பெஞ்சு கிடைச்சதே பெருசு" என்றாராம். அவள் விட்டுவிட்டு வந்தாள். அவரைப் பற்றிப் பேசும்போது பெயரைச் சொல்லவே மாட்டாள். "தொரை" என்பாள். "இன்னிக்கு பேப்பர்ல தொரை போட்டோ வந்திருக்கு, வடிச்ச கஞ்சி மாதிரி சிரிக்கிறாரு." குடிவந்த நாளிலிருந்து தொரை, தொரை என்றே கேட்டுப் பழகியதால், எனக்கு அவருடைய பெயரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

எப்போதும் வேகமான அந்தப் பேராசிரியர் இந்த முறை அவகாசம் கேட்டார். கொடுத்தேன். ஒரு சொடுக்கு, தயாராக இருக்கும் ஒரு கடிதம், தங்கள் வசதிப்படி எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் கொடுத்தேன். வேகமானவர் ஏன் மெதுவாகிறார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவகாசம் கொடுத்தால் கோடு மறுபடி பச்சையாகிவிடும்.

கீழே தினமும் கேள்வி.

"என்னடி ஆச்சு என் மட்டை?"

"எனக்கென்ன தெரியும்."

"தெரியாதாம். மூக்கு நுனில எழுதி ஒட்டியிருக்கு. அம்மா, மேல் வீட்டுக்கு இன்னிக்கு மீன் கொழம்பு கிடையாது."

மீன் குழம்பு வரும். கிண்ணத்தை மூடிய தட்டின் மேல் கரி விரல் ரேகை இருக்கும்.

பிப்ரவரி கடைசியில் இரண்டு அறிக்கைகளும் வந்து சேர்ந்தன. முதல் ஆள் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். சின்னத் திருத்தங்கள், அப்புறம் போடலாம். பேராசிரியர் ஆறு வரி எழுதியிருந்தார். புதிதாக எதுவும் இல்லை, நிராகரிக்கலாம். இதழாசிரியர் பெரிய பெயரின் பக்கம் சாய்ந்தார், வழக்கம்போல. நான் அந்த ஆறு வரிக் கோப்பைத் திறந்து அதன் வயிற்றிலிருந்து பேராசிரியரின் பெயரை எடுத்தேன். நிராகரிப்புக் கடிதத்தோடு இணைத்தேன். அனுப்பு என்பதைத் தொட்டேன். அன்று ஒரு வெள்ளிக்கிழமை, கேன்டீனில் பிசிபேளே பாத் போட்டிருந்தார்கள், நான் சாப்பிட்டேன்.

சாயந்திரம் அவள் பின்கட்டில், அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். போனை நீட்டினாள்.

"புதுசா ஒண்ணும் இல்லியாம்" என்றாள். "கூழ்த் தண்ணில குரோமியத்தப் புடிச்சவ இந்த ஊர்ல இன்னும் எத்தன பேர் இருக்காளுங்க? கூட்டிட்டு வரச் சொல்லு, எல்லாரும் சேந்து ஒரு சங்கம் வச்சுக்கலாம்."

சிரித்தாள். அவள் அம்மா உள்ளேயிருந்து, "என்னாச்சு?" என்றார். "ஏன் இல்லம்மா" என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து சொன்னாள், ஒன்றுமில்லை என்று. மார்ச் போயிற்று. பல்கலைக்கழகத்திடம் கெஞ்சி, அபராதம் கட்டி, இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு வாங்கினாள். கடைசி நீட்டிப்பு என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள்.

மாம்பழம் வந்து, போய், மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு காலை, படியில் அவள் கால் சத்தம் கேட்டது. "ஏய், மேல் வீடு" இல்லை. நேரே வந்து போனை என் மடியில் வைத்தாள். வேறொரு இதழ், புதிதாக வந்த கட்டுரை. பாக்குமட்டைக் கரி. ஆனேக்கல் வட்டார நிலத்தடி நீர். கழுவியது எதில் என்றால், புளித்த ராகித் தண்ணீரில். எழுதியவர்கள் நான்கு பேர், கடைசிப் பெயர் பேராசிரியருடையது.

"ஆசிட் பாட்டில அடுக்கி வச்சிருக்கிற லேப்ல" என்றாள், மிக மெதுவாக, "எவன்டி கூழ்த் தண்ணியத் தேடிப் போவான்?"

நான் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதான் தொரை" என்றாள். "என் கட்டுரை இவன்கிட்டதானே போச்சு? நீ வேற ஒண்ணும் சொல்ல வேணாம். ஆமான்னு தலைய ஆட்டு. போதும். அத வச்சு நான் கம்ப்ளெயின்ட் குடுப்பேன். யார் படிச்சான்னு தெரியாம குடுத்தா அது சும்னே பொலம்பல்."

என் தலை அசையவில்லை.

"அதையெல்லாம் சொல்லக் கூடாது" என்றேன். "ரூல்."

அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. போனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் அலுவலகத்தில் அவள் கட்டுரையின் பழைய கோட்டைத் திரையில் தேடி எடுத்து, பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, அந்தச் சின்ன அம்புக்குறியைத் தொட்டேன். கட்டம் விரிந்தது. அவருடைய பெயர் இருந்தது. கீழே ஒரே வரி: இவர் என் முன்னாள் வழிகாட்டி, தயவுசெய்து இவருக்கு அனுப்ப வேண்டாம். அவர் கையில் இருந்து காப்பாற்று என்று அவள் எழுதிக் கொடுத்த ஒரே இடம். அதற்கு இரண்டு அங்குலம் மேலே, அவருக்கு அனுப்பியது யார் என்ற பதிவு. என் அடையாள எண்.

டீம் லீடரிடம் போனேன். விஷயத்தைச் சுற்றிச் சுற்றிச் சொன்னேன், ஏதோ கேள்விப்பட்டதுபோல.

"ஆதர் கம்ப்ளெயின்ட் குடுத்தா பார்க்கலாங்க மேடம். நாமளா ஏன் தோண்டணும்?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

ஆமாம் என்றால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்பான். கட்டத்தை ஏன் பார்க்கவில்லை என்பான். எனக்கு வேலை வேண்டும். இவையெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடின என்று சொல்லிக்கொள்ளலாம். ஓடவில்லை. வாய் தானாகவே சொல்லிற்று.

"இல்ல. தெரியாது."

ஒரு வாரத்தில் அவளுடைய புகார் வந்தது. நேர்மையான, கோபமான, கொஞ்சம் தடுமாறும் ஆங்கிலம். யார் படித்தார் என்ற ஆதாரம் அவளிடம் இல்லை, சந்தேகம் மட்டுமே இருந்தது. இதழாசிரியர் இரண்டு வரியில் முடிவு சொன்னார்: அடையாளம் ரகசியம், ஆதாரம் போதாது, பதில் போட்டுவிடுங்கள். டீம் லீடர் என் நாற்காலி அருகில் குனிந்தான்.

"மேடம், உங்க இங்கிலீஷ்தான் இங்கயே நல்லாருக்கும். மனசு நோகாம ஒரு லெட்டர் டிராப்ட் பண்ணிடுங்களேன்."

பண்ணினேன். அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். மதியம் முழுவதும் உட்கார்ந்து, அவள் மனசு நோகக் கூடாது என்று ஒவ்வொரு வாக்கியமாக இழைத்தேன். அவள் உழைப்பைப் பாராட்டினேன். ஒரு எண்ணம் பலருக்கு ஒரே பருவத்தில் மழைபோல இறங்குவதுண்டு என்று எழுதினேன். அந்த மழை எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்து, கமாவை மாற்றினேன்.

சாயந்திரம் கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நான் படியேறப் போனேன்.

"மழை எறங்குமாம்" என்றாள் உள்ளேயிருந்து. நின்றேன். வெளியே வந்தாள். "எத்தனை பேர்கிட்ட எத்தனை 'இல்ல' வாங்கியிருக்கேன். ரெண்டு வரில போடுவாங்க, மூணு வரில போடுவாங்க. இவ்ளோ அழகா ஒரு 'இல்ல' எழுத அங்க உன்ன விட்டா யாரு இருக்கா?"

"நான்…"

"போ. மேல போ."

அவள் அம்மா அடுப்படியிலிருந்து என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்டியில் எதையோ எடுத்தவர் எடுத்தபடியே நின்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரே பஸ்ஸில் போகவில்லை. அவள் அதிகாலைப் பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். அதே கண்டுபிடிப்பை அவள் வேறு எங்கே அனுப்பினாலும், இது ஏற்கெனவே வந்துவிட்டதே என்று திருப்பினார்கள், அவரது கட்டுரையைச் சுட்டிக்காட்டி. கடைசி நீட்டிப்பு முடிந்தது. கல்லூரி அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. ஆனேக்கல்லில் ஒரு உயர்நிலைப்பள்ளியில் வேலை கிடைத்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். வாடகை விஷயம் பேச அவளுடைய சித்தப்பா ஒருவர் வர ஆரம்பித்தார். பால்பவுடர் டின்கள் பின்கட்டில் மழையில் துருப்பிடித்தன.

என் வேலையும் போயிற்று, வேறு காரணத்துக்காக. பெயர் துடைக்க மென்பொருள் வந்துவிட்டது. ஒரு நொடியில் துடைக்கிறது. எங்கள் வரிசையில் ஏழு பேருக்குக் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து நான்கு மாதம் சுவரைப் பார்த்த பிறகு, இதழின் ஒழுங்குக் குழுவுக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன்: தெரிந்தவர் என்று சொல்லாததை, கட்டத்தை விரிக்காததை, அனுப்பியதை, அவகாசம் கொடுத்ததை, யார் என்பதை. பதில் வந்தது, நான் எழுதியிருக்கக்கூடிய அதே அழகோடு. கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி. பாதிக்கப்பட்டதாகக் கருதும் கட்டுரையாளரே கையெழுத்திட்டுப் புகாரைப் புதுப்பித்தால் பரிசீலிக்கலாம்.

அதை எடுத்துக்கொண்டு ஆனேக்கல் போனேன். பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை, திட்டவில்லை. "டீ குடிக்கலாம் வா" என்றாள். பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு காண்டிமென்ட்ஸ் கடை, பெஞ்சில் உட்கார்ந்தோம். சாக்பீஸ் தூள் படிந்த விரல்களோடு என் கடிதத்தை முழுக்கப் படித்தாள். கடைக்காரர் கன்னடத்தில் பன் வேண்டுமா என்றார், வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னாள்.

"நல்லா எழுதியிருக்க" என்றாள். "வேலைய எப்ப விட்ட?"

"அவங்கதான் விட்டாங்க."

"எப்ப?"

"இத எழுதறதுக்கு நாலு மாசம் முன்னாடி."

மாணவன் சொன்ன அளவை ஏட்டில் குறித்துக்கொள்வதுபோலத் தலையாட்டினாள்.

"அந்தக் கட்டத்துல அவன் பேர எழுதியிருந்தேனே. அதப் பாத்துட்டா அனுப்புன?"

"பாக்கல. சத்தியமா பாக்கல. யாருமே பாக்க மாட்டாங்க அத."

டீயை ஆற்றாமல் குடித்தாள்.

"அந்த ஒரு வரி எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு. அந்தப் பேர என் கையால அடிக்கணும். கை வரல. அம்மாவ இழுத்து வந்து பக்கத்துல உக்கார வச்சிட்டு அடிச்சேன். அதுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, சும்னே உக்காந்து என் முதுகத் தடவிட்டு இருந்துச்சு." என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்துட்டே அனுப்பியிருந்தீன்னா, பயந்துட்ட, எவனோ மிரட்டிட்டான், ஏதோ ஒண்ணுன்னு நெனச்சிருப்பேன். திட்டிட்டு விட்டிருப்பேன். யாருமே பாக்க மாட்டாங்கன்னு சொல்றியே. அப்ப எதுக்குடி அந்தக் கட்டத்த வச்சிருக்கீங்க?"

நான் பேனாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?"

"விசாரிப்பாங்க."

"அப்புறம்?"

"அந்தக் கட்டுரைய அவங்க வாபஸ் வாங்க வேண்டி வரலாம். பேருக்குக் கீழ ஒரு குறிப்பு போடலாம்."

"எனக்கு?"

மார்ச் திரும்பி வராது. பட்டம் வராது. பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"உனக்குத் தூக்கம் வரும்" என்றாள். குரலில் காரம்கூட இல்லை. "நாளைக்கு எட்டாங் கிளாஸுக்கு டெஸ்ட் வச்சிருக்கேன். ஆசிட், காரம். முப்பத்தெட்டு பேப்பர் திருத்தணும். அவன் பேர எழுதறதுக்கு இனிமே எனக்கு நேரமில்ல."

கடிதத்தை நான் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து, பேனாவையும் சேர்த்து என் பைக்குள் வைத்தாள். ஜிப்பையும் இழுத்து மூடினாள். அம்மா எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார் என்றாள். வந்து பார்க்கட்டுமா என்று கேட்கும் முன்பே எழுந்துவிட்டாள்.

மெஜஸ்டிக் பஸ் வந்து நின்றது. கூட்டம் இல்லை. அவள் பஸ்ஸின் கதவு வரை கூடவே நடந்து வந்தாள். இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். நான் படியில் கால் வைத்தேன்.

"ஜன்னலோரம் காலியாதான் இருக்கு, உக்காந்துக்க" என்றாள். "வீடு போய்ச் சேந்துட்டு போன் பண்ண வேணாம்."